காய்ச்சல் இறங்கிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் மகளுக்காகச் சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் காணொளி. அதில் என் தலைக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் தெரிகிறது. நான் ஒரு கையில் மைக்கும் இன்னொரு கையில் என் மகள் எஸ்தரின் கையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் இன்றைக்கும் காணொளியை நிறுத்திவிடுகிறேன்.

எங்களுடையது சிங்கப்பூருக்கு அக்கரையில், தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் கூடும் சின்னத் தமிழ்ச் சபை. பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவரிடமிருந்து நன்மை பெற்றவர் மேடையேறிச் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது, தேர்வில் தேறியது, காய்ச்சல் போனது, எதுவானாலும் சரி. யாராவது அதைப் போனில் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். பல கஷ்டமான வாரங்களில் மற்றவர்களின் சாட்சிகள்தான் என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. அதனால் அந்த வழக்கத்தை நான் பழிக்கவில்லை. அதை வைத்து நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

எஸ்தருக்குப் பதினேழு வயது. அந்த வாரத்தின் நடுவில் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் நோவு. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கி என்றார்கள். படுக்க வைக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் தினமும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இல்லை, அன்று மட்டும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். வெள்ளியும் சனியும் போனோம்.

சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு ஜெபக் குழுவின் தலைவர் தேவதாஸ் வந்தார். எண்ணெய் பூசி, தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். அவர் கிளம்பும் முன்னே எஸ்தருக்கு வேர்த்தது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. நானும் என் மனைவியும் அவரும் அழுதோம். பொய்யான அழுகை அல்ல அது.

"நாளைக்குச் சாட்சி சொல்லிடுங்க பிரதர்" என்றார் தேவதாஸ்.

"நாளைக்கு ரத்தம் எடுக்கப் போகணும்" என்றாள் என் மனைவி கிரேஸ்.

"காய்ச்சலே போயிடுச்சு, இன்னும் எதுக்கு சிஸ்டர் புள்ளையக் குத்திக்கிட்டு? ஆண்டவர் செஞ்சதை நாமளே நம்பலைன்னு ஆயிடும்லா."

கிரேஸ் என்னைப் பார்த்தாள். "ஆராதனை முடிஞ்சு போலாம்" என்றேன். இரண்டு பேரையும் திருப்திப்படுத்திவிட்டதாக அப்போது நினைத்தேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பிளாஸ்டிக் மூடி ஒன்றைக்கூட மூன்று முறை அளக்காமல் வெளியே அனுப்பமாட்டேன். மகள் விஷயத்தில் ஒருமுறை அளந்துவிட்டு மேடையேறினேன்.

காணொளியில் நான் சொல்வது இது: "நேத்து சாயங்காலம் வரைக்கும் நெருப்பா கொதிச்ச உடம்பு. இப்ப தொட்டுப் பாருங்க, எப்படிக் குளிர்ந்து கிடக்கு!" சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து உயரத் தூக்குகிறேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எட்டித் தொட்டுப் பார்த்து அல்லேலூயா என்கிறார். கை உண்மையிலேயே குளிர்ந்துதான் இருந்தது. ஈரமாகவும் இருந்தது. எஸ்தரின் முகம் கேமராவைப் பார்க்கவில்லை. கீழே தரையைப் பார்த்தபடி, நிற்க முடியாமல் என் தோளில் சாய்கிறாள். குழுவில் பலர் அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள், அப்பாவும் மகளும் எவ்வளவு பாசம் என்று.

மேடையிலிருந்து இறங்கியவள் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். நெடுநேரம் வரவில்லை. கிரேஸ் உள்ளே போய்ப் பார்த்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வெறும் வயிறு சிஸ்டர். சூடா தேத்தண்ணி கொடுங்க, சரியாயிடும்" என்றார் தேவதாஸ்.

கிரேஸ் என் பக்கம் திரும்பினாள். "கார் சாவியக் கொடுங்க" என்று என்னிடம் கேட்டாள். நான் எடுத்துக் கொடுப்பதற்குள் என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண் மருத்துவர். வயது முப்பதுகூட இருக்காது. எஸ்தரின் விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் சிவக்கவே இல்லை, அல்லது சிவக்க அவ்வளவு நேரமாயிற்று. பிறகு மலாயில் என்னிடம் கேட்டார், காய்ச்சல் எப்போது விட்டது என்று.

"நேற்று சாயங்காலம்" என்றேன். அந்த இடத்திலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இன்று காலை ரத்தப் பரிசோதனை?"

"இன்னும் இல்லை. சர்ச்சுக்குப் போயிருந்தோம்."

அவர் திட்டவில்லை. எழுந்து திரையை விலக்கி, யாரையோ கூப்பிட்டார். ஒரே நேரத்தில் நான்கு பேர் ஓடி வந்தார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

அன்று மாலை அவர் எனக்கு விளக்கியதைத் தெரிந்தவரையில் சொல்கிறேன். இது யாருக்காவது பயன்பட வேண்டும். டெங்கியில் காய்ச்சல் கொதிக்கும் நாட்களை மட்டும் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நாளும் அதற்கு அடுத்த நாளும் மிக ஆபத்தானவை. அப்போது சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசியும். ரத்தத்தில் உள்ள நீர் வெளியேறி நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிக் குறைந்துவிடும். உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற, கைகால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு நிறுத்திக்கொள்ளும். அதனால் கைகால் சில்லிட்டுப் போகும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், ஆள் சோர்ந்து விழுவார். அதிர்ச்சி நிலை என்று அதற்குப் பெயர்.

அதாவது, குணமானதற்கு ஆதாரம் என்று நான் சபைக்குத் தூக்கிக் காட்டிய கை, என் மகள் போய்க்கொண்டிருந்ததற்கு அடையாளம்.

இதைக் கேட்டதும் வெளியே போய் வடிகால் ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

எஸ்தரைப் பெண்கள் வார்டில், மிஸிகள் என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸுகள் உட்காரும் மேசைக்கு நேர் எதிரே போட்டார்கள். மேசைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அதைப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சொட்டுசொட்டாக மருந்து நீர் ஏற்றினார்கள். அதிலும் அளவு தவறக் கூடாதாம். குறைந்தால் ரத்த ஓட்டம் நிற்கும், கூடினால் நுரையீரல் மூழ்கும். அதனால் மணிக்கொரு முறை உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் அளந்தார்கள். ரத்தம் ஏற்ற மாட்டீர்களா, தட்டணு ஏற்ற மாட்டீர்களா என்று மிஸிகளை அரித்தேன். ரத்தப்போக்கு இல்லாமல் தட்டணு ஏற்றுவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார்கள். பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பொறுமையும் கொஞ்சம் குறைந்தது.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. கிரேஸ் சிங்கப்பூர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கினாள். நான் வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் கிடந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் கட்டணத்தைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. அதைவிட வண்டி நிறுத்தக் கொடுத்ததே அதிகமாக இருக்கும். ஆனால் அந்தக் கார் இருக்கையின் நாற்றம், என் சட்டையில் காய்ந்திருந்த வாந்தி, லிஃப்டில் எல்லாரும் அழுத்தித் தேய்ந்த பொத்தான், கழிப்பறைத் தரை, எல்லாமே எனக்கு அருவருப்பாக இருந்தன. எல்லாவற்றையும்விட என் வாய். ஜெபிக்கத் திறந்தால் மேடையில் பேசிய அதே தொனி வந்தது. மூடிக்கொண்டேன்.

கிரேஸ் என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்தரால் எழுந்து போக முடியாது. கிரேஸ்தான் பாத்திரம் வைத்து எடுப்பாள், கோடுபோட்ட குவளையில் ஊற்றுவாள், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள், மிஸியிடம் அளவைச் சொல்வாள். முகத்தில் எந்தச் சுளிப்பும் இருக்காது. ஒருமுறை பார்வையாளர் நேரத்தில் அந்தக் குவளையை என்னிடம் கொடுத்தாள். எனக்கு ஓங்கரித்தது.

"என்னாங்க, உங்க புள்ளையோடதுதானே" என்றாள். "நெறம் பாருங்க. காலையில தேத்தண்ணி மாதிரி இருந்துச்சு. இப்ப கொஞ்சம் தெளிஞ்சிருக்கு."

சீஷத்துவம் என்று நான் ஜெபக் குழுவில் எத்தனையோ பாடம் எடுத்திருக்கிறேன். அன்றாட வாழ்க்கையில் ஆண்டவரைப் பின்பற்றுவது எப்படி என்று தலைப்புப் போட்டு எடுத்திருக்கிறேன். அந்தக் குவளையைப் பிடித்திருந்தபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை தேவதாஸ் வந்தார். தனியாகத்தான் வந்தார். கையில் எண்ணெய்ப் புட்டி, புங்குஸ் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ச் சோறு மூன்று பொட்டலம். எஸ்தரின் நெற்றியில் எண்ணெய் தடவினார். அது வழிந்து, ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்திரி வரை போனது. மிஸி வந்து துடைத்துவிட்டு அவரை வெளியே நிற்கச் சொன்னார். நடைபாதையில் என் தோளில் கைபோட்டார்.

"பிரதர், சபைக்கு இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். புதுசா நாலஞ்சு குடும்பம் வந்திருக்கு. உங்க சாட்சியப் பார்த்துதான் சரவணன் குடும்பம் ஞானஸ்நானம் எடுக்கலாம்னு இருக்காங்க. இதக் கேட்டா இடறிப் போயிடுவாங்க."

"எஸ்தர் இன்னும் மேசைக்கு எதிர்லதான் படுத்திருக்கா" என்றேன்.

"பொழச்சுக்குவா. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சின்ன வீடியோ எடுத்திடலாம். ரெண்டாவது ஜெயம்னு போட்டுக்கலாம்."

நான் தலையாட்டினேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உதறியாவது விட்டிருக்க வேண்டும். அவர் வாங்கி வந்த பொட்டலம் கையில் சூடாக இருந்தது, தலையாட்டினேன்.

அதன் பிறகு யாருமே வரவில்லை. எங்கள் சபையில் ஒருவருக்குக் கால் சுளுக்கினாலே வீடு நிறையக் கூட்டம் கூடும். என் மகள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குழுவைத் திறந்தால் அந்தக் காணொளிக்குக் கீழே ஆமென்களும் கும்பிட்ட கைகளும் பெருகிக்கொண்டே இருந்தன. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றதற்குத் தலையாட்டியவன் நானே என்பதை மறந்துவிட்டு, எல்லார் மீதும் கசந்துகொண்டேன்.

வந்தவர் என் மைத்துனர் முருகையா மட்டும். கிரேஸின் அண்ணன். கோத்தா திங்கியில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். முருக பக்தர். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கை சபைக்கு வந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் தினமும் வேலை முடிந்து, கஞ்சியும் துவைத்த துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மாப்ள, பசியாறிட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட பெரிய கேள்வி.

அவர் இருக்கும்போதுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. சபையின் பெண்கள் குழுவிலிருந்து கிரேஸுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. சத்தமாகவே ஓடவிட்டாள். "அக்கா, கோத்தா திங்கி காத்து எப்படி இருக்கு? எஸ்தரு நல்லா ரெஸ்ட் எடுக்கிறாளாம், தேவதாஸ் பிரதர் சொன்னாரு. வரும்போது எங்களுக்கும் ஆத்து மீன் வாங்கிட்டு வாங்க!"

கிரேஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம எப்பங்க கோத்தா திங்கி போனோம்?"

முருகையா கஞ்சிப் பாத்திரத்தை மூடினார். "என் வீட்லயா இருக்கீங்க? அலமாக், சொல்லியிருந்தா கறி சமைச்சிருப்பேன்லா" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. கண் மூடிப் படுத்திருந்த எஸ்தர்தான் பேசினாள்.

"அப்பா."

"என்னாம்மா?"

"நான் செத்துட்டா அந்த வீடியோவ டிலீட் பண்ணுவாங்களா?"

அவள் என் மீது கோபத்தில் கேட்கவில்லை. எப்போதும் அப்படித்தான் பேசுவாள், வீட்டில் எல்லாரையும் சீண்டுவாள். உதடு வெடித்துப் போயிருந்தாலும் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. டிலீட் செய்ய மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. பொய்ச்சாட்சி என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்தான் கற்றுக்கொடுக்கிறவன். அடுத்தவனைப் பற்றிப் பொய் சொல்லி அவனை மாட்டிவிடுவது என்று விளக்குவேன். கடவுளைப் பற்றி நல்லதாகவே ஒரு பொய்யைச் சொல்லி அப்படியே விட்டுவிடுவதும் பொய்ச்சாட்சிதான் என்பது என் பாடத்தில் இருந்ததில்லை.

கீழே இறங்கிக் காருக்குள் உட்கார்ந்து, குழுவுக்கு ஒரு குரல் செய்தி பேசினேன். பலமுறை பேசி அழித்தேன். ஒவ்வொரு முறையும் எங்கோ ஓரிடத்தில் என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டிருந்தேன். கடைசியாக அனுப்பியது சுருக்கமானது.

"நான் எஸ்தரோட அப்பா பேசுறேன். நாங்க கோத்தா திங்கியில இல்ல. ஞாயித்துக்கிழமையிலேருந்து ஆஸ்பத்திரியில இருக்கோம். நான் சொன்ன சாட்சி சரியில்ல. காய்ச்சல் இறங்கினப்பதான் அவளுக்கு ரொம்ப மோசமாச்சு. கை குளிர்ந்திருந்தது சுகம் இல்ல, அதான் ஆபத்து. அன்னைக்கு ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க, நான் போகல. உங்க வீட்ல யாருக்காவது டெங்கி வந்து காய்ச்சல் விட்டுச்சுன்னா, ஜெபம் பண்ணுங்க, ஆனா உடனே கிளம்புங்க. காத்திருக்காதீங்க."

அனுப்பிய சற்று நேரத்தில் தேவதாஸ் அழைத்தார்.

"என்னா பிரதர் இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லாரும் போன் அடிச்சு என்னைய கேக்குறாங்க."

"நாங்க கோத்தா திங்கியில இருக்கோம்னு யாரு சொன்னா?"

"ஒரு நல்லதுக்காகச் சொன்னேன்லா! உங்க மக பொழச்சுக்குவா பிரதர். ஆனா சபை? ஒருத்தர் நம்பிக்கை போச்சுன்னா நீங்க திருப்பிக் கொடுப்பீங்களா?"

அவர் குரல் உடைந்திருந்தது. தேவதாஸின் மனைவிக்காக நாங்கள் எல்லாரும் இதே போல எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறோம். அந்த அம்மா பிழைக்கவில்லை. ஒரு சாட்சியாவது கடைசி வரை நிற்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு எவ்வளவு ஏக்கம் இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அருவருப்பு போகவில்லை. இரக்கமும் குமட்டலும் ஒரே வயிற்றில் இருக்கும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். போனை வைத்தேன்.

மறுநாள் காலை ரத்தத்தின் அடர்த்தி இறங்கியிருந்தது. குழாய்களின் கசிவு நின்று, வெளியேறிய நீர் திரும்ப உள்ளே வருகிறது என்றார் மருத்துவர். நகத்தை அழுத்திவிட்டார். உடனே சிவந்தது. மிஸிகள் எஸ்தரின் கட்டிலை மேசையிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்கள். "அம்மா, ரொட்டி சானாய் சாப்பிடணும்" என்றாள் எஸ்தர். கிரேஸ் அப்போதுதான் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். குவளை அவள் மடியில் இருந்தது. நான் அதை எடுத்துக் கொண்டுபோய்க் கழுவினேன். அப்போதும் ஓங்கரித்தது. கழுவி வைத்தேன்.

குழுவில் என் செய்திக்குக் கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை. பார்த்திருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. சிலர் குழுவைவிட்டு விலகியிருந்தார்கள். இன்றாவது யாராவது வருவார்களா என்று மாலைப் பார்வை நேரத்தில் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டவாவது வரட்டும் என்றிருந்தது.

போன் அடித்தது. சரவணன். தேவதாஸ் சொன்ன புதுக் குடும்பம். தம்போயில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. சபைக்கு வரத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பேசக் கூச்சப்படுவார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? நான் கீழ வாசல்ல நிக்கிறேன்."

ஒருவராவது வந்தாரே என்று மனம் பொங்கியது. லிஃப்டின் கண்ணாடியில் தலையைக் கையால் கோதிக்கொண்டேன். எஸ்தரைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது, இடறிப் போகாமல் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே இறங்கினேன்.

அவசரப் பிரிவின் வாசலில் சரவணன் நின்றிருந்தார். கையெல்லாம் கருப்பு எண்ணெய், பட்டறைச் சட்டை. தோளில் அவருடைய சின்ன மகள் துவண்டு கிடந்தாள். பக்கத்தில் அவர் மனைவி, செருப்பில்லாமல்.

"காய்ச்சல் நேத்து ராத்திரியே விட்டுருச்சுண்ணே" என்றார். "உங்க வீடியோவ பார்த்துட்டு, ஆண்டவர் தொட்டுட்டாருன்னு சந்தோஷமா இருந்தோம். இப்பதான் பட்டறையில வச்சு நீங்க பேசி அனுப்புனதக் கேட்டேன். கையத் தொட்டுப் பாருங்கண்ணே, சில்லுன்னு இருக்கு. எந்தக் கவுண்டர்ணே?"